காலைக் குளிரில் செல்ஃப் எடுக்காத படகு இன்ஜின்: பேட்டரி மாற்றியாயிற்று, மோட்டாரும் பிரித்தாயிற்று

மலையேரி_படகு | திங்கள், காலை 10:15

வணக்கம். உதகைக்கு மேற்கே, மலைக்குள் இருக்கும் ஒரு நீர்த்தேக்கத்தில் எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் இன்ஜின். சாவி போட்டால் செல்ஃப் மோட்டார் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வகை, கியருக்கு ஓட்டுநர் பக்கத்தில் லீவர். மூன்று வாரமாக இது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

காலை 7 மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் ‘டகடகடக’ என்று அடித்துக்கொள்ளும். சில நாள் இன்ஜினின் தலையில் இருக்கும் கனமான சக்கரம், ஃபிளைவீல், அரைச் சுற்று மெதுவாகத் திரும்பி நின்றுவிடும். மூடியைக் கழற்றி, ஃபிளைவீலில் கயிறு சுற்றி இழுத்தால் இரண்டாவது இழுப்பில் ஓடுகிறது. 11 மணிக்கு வெயில் ஏறிய பிறகு அதே சாவியில் பல நாள் எடுத்துவிடும். அதுதான் பெரிய குழப்பம்.

நவம்பரில் புது பேட்டரி போட்டேன், 12 வோல்ட், 75 ஆம்பியர் அவர். மீட்டர் வைத்தால் 12.6 காட்டுகிறது. செல்ஃப் மோட்டாரை மலை இறக்கி, கீழே ஒரு கடையில் கார்பன் பிரஷ் மாற்றி, ஆர்மேச்சர் துடைத்து, புஷ் போட்டு வாங்கி வந்தேன். சாவி சுவிட்சும் புதிது. எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அடுத்த நாள் காலை அதே ‘டிக்’.

போன வியாழக்கிழமை ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். பறவை பார்க்க வேண்டும் என்றார்கள். ஏரி நடுவில் இன்ஜினை அணைத்தேன். பத்து நிமிடத்தில் மேற்கேயிருந்து மூடுபனி இறங்கிவிட்டது. கரை தெரியவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டிக்’. படகில் சின்னக் குழந்தை இருந்தது. கயிறு இழுத்து ஓட்டி வந்துவிட்டேன், ஆனால் என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இனி இது சரியாகும் வரை ஆள் ஏற்றுவதில்லை என்று நிறுத்திவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி_ஜீப் | திங்கள், காலை 10:50

நண்பரே, இது மலை ஏறி வந்த எல்லா வண்டிக்கும் வரும் வியாதி. 7,000 அடியில் காற்று மெல்லிசு, அதோடு ஜனவரிக் குளிர். 75 போதாது, 100 ஆம்பியர் பேட்டரி போடுங்கள். என் ஜீப்புகளில் அப்படித்தான் செய்கிறேன். இல்லையென்றால் சாவி திருப்பியதும் செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டையும் ஒரு ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் சொலினாய்டு போச்சு, சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு.

பாம்பன்_வள்ளம் | திங்கள், காலை 11:30

தம்பி, ஆளை ஏற்றாமல் நிறுத்தினீர்களே, அதுதான் முதல் சரியான வேலை.

கயிற்றில் இரண்டாவது இழுப்பில் ஓடுகிறது என்றால் பெட்ரோல், பிளக், காயில் எதிலும் குறை இல்லை. இந்த வகை இன்ஜினில் பொறிக்கான கரண்டை ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கும் காயிலே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரியைக் கேட்காது. ஆகவே இன்ஜினை விட்டுவிடுங்கள். குறை பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். பேட்டரி படகில் எந்த இடத்தில் இருக்கிறது? அங்கிருந்து இன்ஜின் வரை கேபிள் எத்தனை அடி, எவ்வளவு பருமன்? கேபிள் முனையில் போல்ட்டில் மாட்ட இருக்கும் உலோக வளையத்தை, அதாவது லக்கை, கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்?

குந்தா_ஓய்வு | திங்கள், மதியம் 1:05

நான் நீர்மின் நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படகு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கரண்ட் எங்கே தொலைகிறது என்று தேடுவது எனக்குத் தெரிந்த வேலை.

தம்பி, அந்த 12.6ஐ நம்பித்தான் ஏமாந்திருக்கிறீர்கள். நம் மலையில் மேலே அணை, கீழே பவர் ஹவுஸ், நடுவில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய் பார்த்திருப்பீர்கள். கீழே வால்வை மூடி வைத்துக்கொண்டு அழுத்தம் பார்த்தால் முள் முழு அழுத்தத்தைக் காட்டும். குழாய்க்குள் பாதி அடைத்திருந்தாலும் காட்டும். வால்வைத் திறந்து தண்ணீர் ஓடும்போது பார்த்தால்தான் முள் விழும், அடைப்பு இருப்பது அப்போதுதான் தெரியும். உங்கள் கேபிளும் அப்படித்தான். மீட்டர் எடுத்துக்கொள்வது ஒரு ஆம்பியரில் பல லட்சத்தில் ஒரு பங்கு. செல்ஃப் கேட்பது நூற்றுக்கு மேல். கேபிளில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால் கூட மீட்டருக்கு 12.6 போய்ச் சேரும். செல்ஃபுக்குப் போகாது.

அதனால் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் அளக்க வேண்டும். ஒருவர் சாவியைப் பிடிக்கட்டும், ஒருவர் மீட்டர். முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழிலும் வைத்து அளவு எடுங்கள். குமிழைக் கவ்வும் கிளாம்பில் வைக்காதீர்கள், குமிழின் தலையிலேயே வையுங்கள். அது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். 10க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. அடுத்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைத்து எடுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு வோல்ட் வழியில் தொலைகிறது.

பிறகு அது பிளஸ் பக்கமா, மைனஸ் பக்கமா என்று பிரியுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ் குமிழில், மறுமுனையைச் செல்ஃபின் பிளஸ் போல்ட்டில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஒரே கம்பியின் இரண்டு முனைதானே, ஒன்றுமே காட்டாது என்று நினைப்பீர்கள். காட்டுவதெல்லாம் நஷ்டம். அதே போல பேட்டரி மைனஸ் குமிழுக்கும் செல்ஃபின் உடம்புக்கும். ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எங்கே அதிகமோ அந்தப் பக்கத்தை மட்டும் துண்டு துண்டாக அளந்துகொண்டே போங்கள். குறை உங்கள் விரலுக்கு அடியில் வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் திருப்பாதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். செல்ஃப் சூடேறிக் கருகிவிடும்.

பாம்பன்_வள்ளம் | திங்கள், மதியம் 1:40

ஐயா சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது இன்ஜின் ஓடிவிடக் கூடாது, கையில் மாட்டும் நிறுத்துக் கயிற்றை உருவி வையுங்கள். பல இன்ஜினில் சுற்றும், ஆனால் பொறி வராது. பிளக் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டுச் சுற்ற வேண்டாம், பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. போய்விடும்.

அந்த ஸ்பேனர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில்தானே இருக்கும்? பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். படகின் அடியில் தேங்கி நிற்கும். ஜீப்பில் அது ரோட்டில் இறங்கிப் போய்விடும், படகில் போக வழி இல்லை. அங்கே ஸ்பேனர் நுனியில் ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோத்தகிரி_ஜீப் | திங்கள், மதியம் 2:10

அண்ணே, பெட்ரோல் டேங்க் படகுக்குள்ளேயே இருப்பது எனக்குத் தோன்றவில்லை. ஸ்பேனர் விஷயத்தைத் திரும்பப் பெறுகிறேன், யாரும் செய்ய வேண்டாம்.

மலையேரி_படகு | திங்கள், மாலை 6:20

எல்லோருக்கும் நன்றி. பாம்பன் அண்ணன் கேட்டதற்குப் பதில்: பேட்டரி முதலில் பின்பக்கம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆள் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு தூக்குகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் அதை முன் சீட்டுக்கு அடியில் மாற்றினோம். அப்போது ஒரு கடையில் புதுக் கேபிள் போட்டுக் கொடுத்தார்கள். போக 5 மீட்டர், வர 5 மீட்டர். மேலே 16 சதுர மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. லக்கைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. மேலே கறுப்பு டேப் சுற்றி அழகாக இருந்ததால் தொடவில்லை. நல்ல தண்ணீர்தானே, உப்பா என்ற எண்ணமும் இருந்தது.

நாளைக் காலை ஐயா சொன்னபடி அளக்கிறேன். உயரத்தில் காற்று குறைவு என்பது செல்ஃபைப் பாதிக்குமா, அதையும் யாராவது சொல்லுங்கள்.

குன்னூர்_ஆலை | திங்கள், இரவு 8:45

தேயிலை ஆலையில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். உங்கள் கேபிள் அளவைப் பார்த்ததும் கணக்குப் போட்டேன்.

16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 மில்லி ஓம். 10 மீட்டருக்கு 11 மில்லி ஓம். செல்ஃப் 120 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கேபிள் புத்தம் புதிதாக இருந்தாலே 1.3 வோல்ட் வழியில் போகும். 35 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் அதில் பாதிக்கும் குறைவு, 0.6. பின்பக்கம் இருந்தபோது ஒரு மீட்டர் கேபிளுக்கு 16 தாராளம். பேட்டரியை நகர்த்தியவர்கள் நீளத்தை மட்டும் கூட்டி, பருமனைக் கூட்டாமல் விட்டதுதான் முதல் தவறு.

உயரம் பற்றி: உதகை 2,240 மீட்டர். கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான் இங்கே காற்றழுத்தம். இன்ஜினின் இழுவை குறையும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட் கீழ்நாட்டு அளவிலேயே இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய்ப் பிளக் கறுக்கும். ஆனால் செல்ஃப் மோட்டாருக்கும் காற்றுக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால் சிலிண்டருக்குள் அமுக்க வேண்டிய காற்று குறைவு என்பதால் சுற்றுவது ஒரு துளி சுலபம்.

குளிர் வேறு விஷயம். அது உண்மையிலேயே பாதிக்கும். உறைநிலைக்கு அருகில் பேட்டரியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கூடவே கீழே கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெய் கெட்டிப்படும். நியூட்ரலில் கூட செல்ஃப் அந்தப் பல்சக்கரங்களைச் சேர்த்துத்தான் சுற்றுகிறது. அதனால் 7 மணிக்கு எடுக்காதது 11 மணிக்கு எடுப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நல்ல கேபிள் உள்ள படகு நம் ஊர் ஜனவரியைத் தாங்க வேண்டும். குளிர் ஏற்கெனவே இருக்கும் குறையை வெளியே காட்டுகிறது, அவ்வளவே.

மலையேரி_படகு | செவ்வாய், காலை 9:30

காலை 6:45க்கு அளந்தேன். கரையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை வெளேரென்று இருந்தது. மீட்டரைப் பிடிக்க விரல் வளையவில்லை. என் தம்பி சாவியைப் பிடித்தான்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. சாவி திருப்பியதும் பேட்டரி குமிழில் 10.8. செல்ஃபில் 7.4!

ஐயா, அந்த 7.4ஐப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 3.4 வோல்ட் வழியிலேயே போகிறது. இத்தனை நாள் நான் மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் பக்கம் மொத்தம் 0.9. அதில் சொலினாய்டின் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் 0.2தான், அது நன்றாகவே இருக்கிறது. மைனஸ் பக்கம் 2.5.

கோத்தகிரி_ஜீப் | செவ்வாய், காலை 9:55

மைனஸ் பக்கம், அதாவது எர்த்! ஒத்துக்கொள்கிறேன், பேட்டரி இல்லை. உறுதி செய்ய ஒரு சுலப வழி: நல்ல கனமான ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் உடம்பில் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். எங்கள் பட்டறையில் மீட்டர் இல்லாத காலத்திலிருந்து செய்வது இது.

குந்தா_ஓய்வு | செவ்வாய், காலை 10:20

நல்ல யோசனை. பொறி பறக்கும் இணைப்பை மட்டும் டேங்குக்கும் பேட்டரிக்கும் தள்ளி, இன்ஜின் பக்கத்தில் கடைசியாக மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதுவும் தீப்பிடிக்கும். முதலில் சீட்டுகளைத் தூக்கிக் காற்றாட விடுங்கள். கழற்றும்போதும் இன்ஜின் பக்கம் முதலில்.

அதன்பின் அந்த 2.5 எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பேட்டரி குமிழ், கிளாம்ப், கேபிள், லக், இன்ஜின் உடம்பு. நான்கு இடைவெளி. கேபிளின் நடுவே அளக்க, லக்கிலிருந்து ஒரு ஜாண் தள்ளி உறையில் ஊசியைக் குத்திச் செம்பைத் தொடலாம். ஆனால் குத்திய இடத்தை மறக்காமல் அடையுங்கள்.

மலையேரி_படகு | செவ்வாய், மதியம் 12:40

ஜம்பர் போட்டதும் ஃபிளைவீல் ‘விர்’ரென்று சுற்றியது. மூன்று வாரத்தில் முதல் தடவை அந்தச் சத்தம் கேட்கிறேன்.

துண்டு துண்டாக: குமிழுக்கும் கிளாம்புக்கும் 0.1. 5 மீட்டர் கேபிளின் நீளத்தில் 0.6, குன்னூர் மேடம் 10 மீட்டருக்குக் கணக்குப் போட்ட 1.3இல் ஏறக்குறைய பாதி, அப்படியே வந்திருக்கிறது. இன்ஜின் பக்க லக்குக்கும் அதற்கு ஒரு ஜாண் தள்ளிக் குத்திய செம்புக்கும் நடுவில் 1.7! லக்குக்கும் இன்ஜின் உடம்புக்கும் 0.1.

பாம்பன்_வள்ளம் | செவ்வாய், மதியம் 12:55

டேப்பை அறுங்கள் தம்பி. உள்ளே பச்சை பூத்திருக்கும்.

மலையேரி_படகு | செவ்வாய், மாலை 4:15

அறுத்தேன் அண்ணே. நீங்கள் நேரில் பார்த்தது போலச் சொன்னீர்கள்.

டேப்புக்கு அடியில் ஈரம் கசகசவென்று இருந்தது. லக்கை லேசாக ஆட்டியதும் கேபிளோடு வராமல் தனியாகக் கையில் வந்தது. உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகவும் கறுப்புப் பொடியாகவும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் கால்வாசி இழைதான் செம்பு நிறத்தில் மிச்சம். மற்றவை தொட்டால் உதிர்கின்றன. உறையை ஒரு சாண் உரித்தேன், அதுவரைக்கும் கறுப்பு ஏறியிருக்கிறது. லக்கை முறையாக அமுக்கவே இல்லை, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் இடுக்கு தெரிகிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் இரண்டு தென்மேற்குப் பருவமழையும் உள்ளே போயிருக்கிறது.

பிளஸ் பக்க லக்கைத் திறந்தேன். இவ்வளவு மோசமில்லை, ஆனால் ஆரம்பித்துவிட்டது.

பாம்பன்_வள்ளம் | செவ்வாய், மாலை 5:00

நல்ல தண்ணீர் என்று நீங்கள் எழுதியபோதே இது மனதில் பட்டது. கடலில் எங்களுக்கு உப்பு எதிரி என்று தெரியும், அதனால் மாதம் ஒரு தடவை எல்லா லக்கையும் கழற்றித் தேய்த்து, கிரீஸ் தடவிப் போடுவோம். உங்களுக்கு எதிரி மூடுபனி. அது தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. ராத்திரி முழுக்க ஒட்டியிருந்து, காலையில் டேப்புக்குள் வியர்த்து, பகலில் காயாமல் அங்கேயே கிடக்கும். மெல்லிய இழைகளுக்கு நடுவில் ஈரம் போனால் திரியில் எண்ணெய் ஏறுவது போல உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். கறுப்பு டேப் ஈரத்தைத் தடுக்காது, பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்தக் கேபிளை வெட்டிப் புது லக் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். கறுத்த செம்பில் லக் பிடிக்காது. முழுதாக மாற்றுங்கள்.

கொடைமலை | செவ்வாய், மாலை 7:30

எங்கள் கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகும் மிதிபடகும்தான் அதிகம், படகு இன்ஜின் அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் விடுதிகளின் டீசல் ஜெனரேட்டர்களில் இதே செல்ஃப் தகராறு பார்த்துப் பார்த்துச் சலித்தவன். புதுக் கேபிளுக்கு வெல்டிங் கேபிள் போடலாமா? நான் ஜெனரேட்டருக்கு 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள்தான் போடுகிறேன். நன்றாக வளையும், விலையும் குறைவு.

குன்னூர்_ஆலை | செவ்வாய், இரவு 8:20

கூரைக்கு அடியில் நிற்கும் ஜெனரேட்டருக்குச் சரி. படகுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. வெல்டிங் கேபிளின் இழை மிக மெல்லியது, வெறும் செம்பு, பாம்பன் அண்ணன் சொன்ன ‘திரி’ வேலை அதில் இன்னும் வேகமாக நடக்கும். உறையும் பெட்ரோல், எண்ணெய் பட்டால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய படகுக் கேபிள் தனியாகக் கிடைக்கிறது. கூடுதல் செலவுதான், ஆனால் ஏற்கெனவே தேவையில்லாமல் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

அளவு 35. முடிந்தால் பேட்டரியைப் படகின் நடுவுக்குக் கொண்டுவந்து நீளத்தையும் குறையுங்கள். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பர் என்ற அமுக்கும் கருவியில் அமுக்குங்கள், எங்கள் மாதிரி ஆலைகளில் கேட்டால் செய்து தருவார்கள். வெறும் ஈயம் உருக்கி ஊற்றுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஈயம் இழைக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் கேபிள் விறைத்து, இன்ஜின் அதிர்வில் அங்கேயே ஒடியும். அமுக்கிய பிறகு உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். விளிம்பில் பசை பிதுங்கி வெளியே வர வேண்டும். வந்தால்தான் அடைபட்டது என்று அர்த்தம்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுவிடுங்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது அதை அணைக்கக் கூடாது, இன்ஜின் தரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் ரெக்டிஃபையர் போய்விடும்.

மலையேரி_படகு | ஞாயிறு, காலை 9:10

கேபிள் வர நான்கு நாள் ஆனது. 35 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசியது. பேட்டரியை நடுவுக்குக் கொண்டுவர இடம் இல்லை, அங்கே டேங்க் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று முன்னாலேயே விட்டுவிட்டேன், நீளம் அதே 5 மீட்டர். லக் எல்லாம் அமுக்கி, சுருங்கு குழாய் போட்டு, இன்ஜின் உடம்பில் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் மின்னும் வரை தேய்த்து, போல்ட் முறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவினேன்.

இன்று காலை 6:50. பேட்டரி 11.1. செல்ஃபில் 10.3. பிளஸ் 0.42, மைனஸ் 0.36. முதல் திருப்பில் ஓடியது.

ஆனால் சந்தோஷப்பட்டு அரை மணி நேரம் ஆகவில்லை, இன்னொன்று வந்திருக்கிறது. இப்போது சில சமயம் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ கூட இல்லை. முழு மௌனம். லீவரை ஒரு தடவை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுத் திருப்பினால் எடுக்கிறது. முன்பும் இது இருந்திருக்கலாம், ‘டிக்’கோடு கலந்துபோய் எனக்குத் தனியாகத் தெரியவில்லை.

கோத்தகிரி_ஜீப் | ஞாயிறு, காலை 9:35

லீவரை ஆட்டினால் எடுக்கிறது என்றால் நியூட்ரல் சுவிட்ச். அதில் வரும் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

பாம்பன்_வள்ளம் | ஞாயிறு, காலை 9:50

வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

கியர் விழுந்திருக்கும்போது செல்ஃப் எடுக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே அந்தச் சுவிட்ச் இருக்கிறது. அதை நேராக்கிவிட்டால், லீவர் முன்னால் கிடக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் படகு பாயும். ஏறுவதற்கு ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்திருப்பவர் நடுவில் விழுவார். பின்னால் தண்ணீரில் யாராவது இருந்தால் புரொபெல்லர். எங்கள் பக்கம் மீன்பிடி வள்ளத்திலேயே அதைச் சேர்க்க விடமாட்டேன். இவர் குழந்தைகளை ஏற்றுகிறார்.

குந்தா_ஓய்வு | ஞாயிறு, காலை 10:15

பாம்பன்காரர் சொல்வதே சரி. பாதுகாப்புக்கென்று வைத்த சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் சரி செய்ய வேண்டும், கடந்து போகக் கூடாது.

‘டிக்’ வந்து சுற்றவில்லை என்றால் பெரிய கரண்ட் போகும் கனமான பாதையில் குறை. ‘டிக்’கே வரவில்லை என்றால் சொலினாய்டை எழுப்பும் சிறிய பாதையில் குறை. ஃபியூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சொலினாய்டின் சிறிய ஒயர், அதன் எர்த். சொலினாய்டின் சிறிய டெர்மினலில் ஒரு 12 வோல்ட் பல்பை வைத்து, மறுமுனையை எர்த்தில் தொட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். எரியவில்லை என்றால் மேலே உள்ள சுவிட்ச்களில் குறை. இங்கே மீட்டரைவிடப் பல்ப் நல்லது, அது கொஞ்சம் கரண்ட் குடிக்கும், பொய்யான தொடர்பு அதற்கு முன் நிற்காது.

மலையேரி_படகு | ஞாயிறு, மாலை 3:30

பல்ப் வைத்தேன். எடுக்காத நேரத்தில் எரியவில்லை, லீவரை ஆட்டினால் எரிகிறது. லீவர் பெட்டியைப் பிரித்தேன். நியூட்ரல் சுவிட்சின் பித்தான் நல்லதுதான். அதை அமுக்க வேண்டிய மேடு சரியாக நியூட்ரலில் வந்து உட்காரவில்லை. கியர் கேபிள் நீண்டு, இன்ஜின் நியூட்ரலில் இருக்கும்போது லீவர் ஒரு பிசிறு முன்னால் நிற்கிறது. கேபிள் முனையின் நட்டை இரண்டு சுற்று திருப்பி நேராக்கினேன். சுவிட்ச்சில் வந்த இணைப்பிலும் கொஞ்சம் பச்சை இருந்தது, சுத்தம் செய்தேன். இருபது தடவை முன்னும் பின்னும் போட்டு எடுத்துப் பார்த்தேன், இருபது தடவையும் எடுத்தது. கியரில் வைத்துத் திருப்பினால் எடுக்கவில்லை, அதையும் பார்த்துக்கொண்டேன்.

கோத்தகிரி_ஜீப் | ஞாயிறு, மாலை 3:50

மகிழ்ச்சி. ஒயரைச் சேர்க்கச் சொன்னது தவறு. என் பட்டறையில் இரண்டு வண்டியில் அப்படிச் சேர்த்திருக்கிறேன், நாளை அவற்றைக் கூப்பிட்டுச் சரி செய்கிறேன்.

கொடைமலை | ஞாயிறு, மாலை 5:10

ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தீர்களா? சின்னச் சின்னச் சவாரி, மெதுவான ஓட்டம், மழைக் காலத்தில் படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் வேறு. இவ்வளவுக்கும் அவுட்போர்டின் சார்ஜிங் காயில் தருவது சில ஆம்பியர்தான்.

மலையேரி_படகு | செவ்வாய், காலை 8:40

பார்த்தேன் சார். கொஞ்சம் வேகம் கொடுத்தால் பேட்டரியில் 14.1 வருகிறது, மெதுவாக ஓடும்போது 12.8க்கு மேல் ஏறவில்லை. நீங்கள் சொன்னது போலச் சவாரியில் பாதி நேரம் மெதுவாகத்தான் போகிறோம். அதனால் வாரம் ஒரு ராத்திரி கரையில் சார்ஜர் போடப் போகிறேன்.

இன்று காலை படகில் நானும் தம்பியும் மட்டும். 6:30க்குக் கிளம்பி ஏரி நடுவில், போன தடவை நின்ற அதே இடத்தில் இன்ஜினை அணைத்தோம். துடுப்பும் கயிறும் கையில் வைத்திருந்தோம். இருபது நிமிடம் காத்திருந்தோம். பனி நன்றாக மூடியது. சாவியைத் திருப்பினேன், ஒரு நொடியில் எடுத்தது. அணைத்து மறுபடியும், மறுபடியும், ஆறு தடவை. நாளையிலிருந்து ஆள் ஏற்றுகிறேன்.

பாம்பன்_வள்ளம் | செவ்வாய், காலை 9:05

நல்லது தம்பி. வைகாசி முடிவதற்குள், மழை இறங்கும் முன், ஒரு தடவை எல்லா லக்கையும் பாருங்கள். அன்றைக்கு எடுத்த 0.42, 0.36 இரண்டையும் படகின் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அளக்கும்போது அது ஏறியிருந்தால் ‘டிக்’ வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.